ஜப்பானை ஆராய நம் பிள்ளைகளும் போகட்டும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வெளிநாட்டுப் படிப்பு என்றாலே லட்சங்களில்தான் பேச்சு. காசில்லாமலும் போகலாம் என்ற செய்தி ஆத்தூர், ராசிபுரம் காலனிகளை எட்டுவதில்லை.

முனைவர் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களுக்கு ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். அமைப்பு 12 முதல் 24 மாதம் வரை ஆய்வு நிதி தருகிறது. அரசியல், பன்னாட்டு உறவுகள் படித்தோரும் கேட்கலாம். அங்குள்ள பேராசிரியர் ஒருவர் முதலில் ஏற்க வேண்டும்.

ஜப்பான் நமக்கு அந்நியப் பாடமல்ல. பிறப்பால் ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களை 1871 அரசாணை சட்டப்படி விடுவித்தது, இழிவு போகவில்லை. 1922இல் கியோட்டோவில் சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைத் தாங்களே கட்டினார்கள். சட்டம் வந்தும் சாதி போகாத கதை நமக்குத் தெரியாததா?

ஆனால் ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முனைவர் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளையும் விலக்கினார்கள். புராக்கு மக்களோடு நம் சேரியை ஒப்பிட நினைப்பவருக்கு இரண்டு பக்கமும் கதவடைப்பு.

அந்த விலக்கை நீக்குங்கள். உதவியை முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கும் நீட்டியுங்கள் என்று கேட்கிறோம். பெரியார் பல்கலைக்கழகம் இந்த வாய்ப்புகளைத் தமிழில் அச்சிட்டுக் கல்லூரி விடுதிகளில் ஒட்டட்டும். மாணவர்களே, கேட்காமல் எதுவும் நமக்குக் கிடைத்ததில்லை. எழுதிக் கேளுங்கள்.