சொர்க்கப் பறவையைக் கொஞ்சம் சும்மா விடுங்கப்பா!

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. பேர்ட் ஆஃப் பாரடைஸ் செடியை வாங்கி சோஃபாவுக்குப் பக்கத்துல, டிவிக்கும் ஷூ ராக்குக்கும் நடுவுல வைக்கற மக்கள் இதைப் படிச்சுட்டு என்னைத் திட்டலாம். பின்னூட்டப் பெட்டி திறந்தேதான் இருக்கு :-)

அந்தச் செடி வீட்டுக்குள்ள உயிரோட இருக்கும். இலை விடும். ஆனா பூக்காது. பூக்காத சொர்க்கப் பறவைன்னா அது ஒரு வாழைக்கன்னு, அவ்வளவுதான். வாழைக்கன்னாவது பின்னாடி தாரு போடும்.

ஒரு நண்பர் ஆன்லைன்ல பெரிய தொகை குடுத்து ஆள் உயரச் செடி ஒண்ணு வாங்கினார். 'இண்டோர் ப்ளாண்ட்'னு போட்டு வித்திருக்காங்க. போய்ப் பார்த்தா அது ஸ்ட்ரெலிட்சியா நிக்கோலாய். நிலத்துல வச்சா 10 மீட்டர் வரைக்கும் போகிற மரம் மாதிரியான சாதி. பூ வெள்ளையும் நீலமுமா இருக்கும். நம்ம ஆள் எதிர்பார்த்த ஆரஞ்சுக் கொண்டை அதுல இந்த ஜென்மத்துல வராது. வித்தவங்களுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். அதான் கோபம்.

அதனால நர்சரிக்குப் போனா "பேர்ட் ஆஃப் பாரடைஸ் இருக்கா?"ன்னு கேக்காதீங்க. "ஸ்ட்ரெலிட்சியா ரெஜினே இருக்கா?"ன்னு கேளுங்க. அவர் முழிச்சார்னா அடுத்த நர்சரிக்குப் போங்க. நம்மூர்ல இந்தப் பேரைச் சொல்லி ஹெலிகோனியாவைத்தான் நிறைய பேர் தள்ளிவிடறாங்க. ஹெலிகோனியா நல்ல செடிதான், எனக்கு அதுமேல பகை இல்லை. ஆனா அது வேற குடும்பம், வேற குணம். அமெரிக்காவுல அரிசோனா பக்கம் போனீங்கன்னா இன்னும் கூத்து, அங்க 'ரெட் பேர்ட் ஆஃப் பாரடைஸ்'னு சொல்றது நம்ம மயில்கொன்றையை! நிஜமான சொந்தக்காரன் யாருன்னா, ஹோட்டல் வாசல்ல, கல்யாண மண்டப வாசல்ல விசிறி மாதிரி விரிச்சுக்கிட்டு நிக்குமே விசிறி வாழை, அதுதான். மடகாஸ்கர்க்காரன், இதோட பங்காளி.

ரெஜினேவோட சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவோட கிழக்குக் கரைப் பக்கம். 1773-ல லண்டன் க்யூ தோட்டத்துக்குப் போச்சு. ஜோசப் பேங்க்ஸ் அதுக்கு இங்கிலாந்து ராணி ஷார்லட்டோட பொறந்த வீட்டுப் பேரை வச்சார், அவங்க மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ்ல இருந்து வந்தவங்க. நிஜ சொர்க்கப் பறவைகள் இருக்கறது நியூகினியா காட்டுல. ஆக, ஜெர்மன் ராணி பேரையும் நியூகினியா பறவை பேரையும் சுமந்துக்கிட்டு நிக்குது ஒரு ஆப்பிரிக்கச் செடி. லாஸ் ஏஞ்சல்ஸ் வேற 1952-ல 'எங்க ஊர்ப் பூ'ன்னு தத்து எடுத்துக்கிச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். நான் இவ்வளவு டென்ஷனாகறதுக்குக் காரணம் இருக்கு.

எங்க மொட்டை மாடியில (பெங்களூரு, வாடகை வீடு) இருக்கற செடி கடையில வாங்கினது இல்லை. குன்னூர்ல மாமனார் வீட்டுக் கிணத்தடியில புதரா இருந்தது. அவர் போனப்புறம் 2021-ல வீட்டை வித்தாச்சு. சாவி குடுக்கற அன்னிக்கு தங்கமணி கடப்பாரையோட இறங்கி ஒரு பங்கைத் தோண்டி கோணிப்பையில கட்டி எடுத்துட்டு வந்தாங்க. வாங்கினவங்க மீதியை வெட்டிட்டு கார் ஷெட் போட்டுட்டாங்க. அவங்க வீடு, அவங்க இஷ்டம், நாம என்ன சொல்ல முடியும். ஆக, அந்தத் தோட்டத்துல மிச்சம் இருக்கறது எங்க மாடித் தொட்டியில இருக்கறது மட்டும்தான்.

வந்ததுல இருந்து ஆளாளுக்கு வைத்தியம். "தொட்டி சின்னது, பெருசா மாத்து"ம்பார் ஒருத்தர். "தெனம் ரெண்டு வேளை தண்ணி ஊத்து"ம்பார் இன்னொருத்தர். எதிர்வீட்டுக்காரர் யூரியாப் பொட்டலத்தோடவே வந்துட்டார். நான் யாரையும் கிட்ட விடலை. இந்தச் செடிக்கு வேர் நெருக்கம் பிடிக்கும். தடிதடியா வேர் விட்டு தொட்டியை அடைச்சாத்தான் பூக்கிற நினைப்பே வரும் (அடைச்சு அடைச்சு மண் தொட்டியைப் பிளந்துடறதும் உண்டு). வருஷா வருஷம் தொட்டி மாத்தினா அது மறுபடி வேர் விடறதுலயே காலத்தை ஓட்டும். மேல் மண் காஞ்சப்புறம் தண்ணி, அதுவும் கீழ ஓட்டை வழியா ஓடற மாதிரி. தேங்கினா வேர் அழுகிடும். நைட்ரஜனை அள்ளிக் கொட்டினா இலையா வந்து குமியும், பூ வராது. இலை காத்துல கிழிஞ்சா பதறாதீங்க, வாழையிலை கிழியற மாதிரிதான். இலை அடியில மாவுப்பூச்சி ஒளிஞ்சிருக்கான்னு மட்டும் அப்பப்பப் பாருங்க, ஈரத்துணியால துடைச்சாலே பாதி போயிடும். மத்தபடி வெயில், வெயில், வெயில். தினம் ஆறு மணி நேரம் கிடைக்கற இடமா பார்த்து வச்சுட்டு உங்க வேலையைப் பாருங்க.

'சும்மா இருக்கறதா தோட்ட வேலை?'ன்னு கேப்பீங்க. இந்தச் செடிக்கு அதுதான் வேலை. கேப்டவுன் கிர்ஸ்டன்பாஷ் தோட்டத்துல ஜான் விண்டர்னு ஒருத்தர் இருந்தார். ஆரஞ்சுக்குப் பதிலா மஞ்சளாப் பூக்கற அபூர்வச் செடிகள் கொஞ்சம் அவர்கிட்ட இருந்தது. 1970-கள்ல ஆரம்பிச்சு, கையாலயே மகரந்தம் சேர்த்து, அணில் விதையைத் தின்னாம இருக்க பூவுக்குக் கம்பி வலை போட்டு, விதை முளைச்சுப் பூக்கற வரைக்கும் காத்திருந்து, மறுபடி சேர்த்து... கிட்டத்தட்ட 20 வருஷம்! அந்த மஞ்சள் ரகத்துக்கு 1996-ல மண்டேலா பேரை வச்சாங்க, 'மண்டேலாஸ் கோல்ட்'. நாம ஆறு மாசத்துல பூக்கலைன்னு தூக்கிப் போடறோம்.

எங்க செடி 2023 மார்கழியில பூத்தது. ரெண்டு தண்டு. படகு மாதிரி மடல்ல இருந்து ஒவ்வொரு பூவா எழுந்திரிக்கும், ஒண்ணு வாட அடுத்தது. அந்த நீல அம்பு இருக்கே, அது ரெண்டு இதழ் ஒட்டிக்கிட்டது, மகரந்தம் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அவங்க ஊர்ல நம்ம தூக்கணாங்குருவியோட உறவுக்காரக் குருவி அதுமேல உக்காந்தா இதழ் விலகி மகரந்தம் அதோட கால்ல ஒட்டிக்கும். எங்க மாடிக்குத் தேன்சிட்டு வருது, அந்த அம்பை மதிக்கறதே இல்லை. மாமியார் ஊன்றுகோலோட மாடி ஏறி வந்து பார்த்தாங்க. ஒண்ணும் பேசலை, காபி ஆறிப்போற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தாங்க.

இப்ப புதுப் பஞ்சாயத்து. மச்சான் சென்னையில சொந்த வீடு கட்டிட்டார், அப்பா செடியில பாதி வேணும்னு கேக்கறார். மாமியாரும் இனிமே அங்கதான் இருக்கப் போறாங்க. பிரிச்சா ரெண்டு பாதியுமே ஒண்ணு ரெண்டு வருஷம் பூக்காதுங்கறது என் கட்சி. கையால மகரந்தம் சேர்த்து விதை எடுத்துத் தர்றேன்னேன். விதை வேற பார்க்க அவ்வளவு அழகு, கறுப்பு விதைக்கு ஆரஞ்சுக் குடுமி. அந்த ஆரஞ்சு நிறம் பிலிருபின், அதாங்க மஞ்சக்காமாலைக்காரங்க கண்ணுல தெரியுமே அதே சமாசாரம். பிராணிகள்கிட்ட மட்டும்தான் இருக்கும்னு நினைச்சிருந்ததை இந்தக் குடும்பத்துச் செடியிலதான் 2009-ல முதல்முதலா கண்டுபிடிச்சாங்க. இதையெல்லாம் உற்சாகமா சொல்லிட்டு, குடுமியைப் பிச்சுட்டு ரெண்டு நாள் ஊறவச்சு நட்டா பூக்க மூணுல இருந்து அஞ்சு வருஷம்னு முடிச்சேன்.

"அம்மாவுக்கு 78 ஆச்சு மாமா"ன்னார் மச்சான்.

இந்த மார்கழிப் பூ முடிஞ்சதும் பிரிக்கறதா இருக்கோம். சின்னத் துண்டு தேறிப் பூக்க ரொம்ப நாளாகும், பெரிய துண்டுதான் சீக்கிரம் பூக்கும். அதனால பெரிய பங்கு சென்னைக்கு. அங்க கிழக்குப் பக்கம், காலை வெயில் நல்லா விழற இடமா பார்த்து வைக்கச் சொல்லியிருக்கேன். ஹால்ல வச்சார்னா அன்னிக்கே திரும்ப எடுத்துட்டு வந்துடுவேன்.