கொட்டிய பணம் விலையாகாது

மண் தடப் பந்தயமான ஆட்டோகிராஸுக்காக மாற்றிய பழைய ஸ்விஃப்ட் காரை விற்பவர்களின் வாதம் இது: சஸ்பென்ஷன், எக்ஸாஸ்ட், ரோல் கேஜ் என்று செலவழித்த லட்சங்களையும் விலையில் சேர்க்க வேண்டும்.

சேர்க்கக் கூடாது. ஏன்?

ஒன்று: அந்தச் செலவு விற்பவரின் ஆசைக்கு ஆனது. குடும்பத்தோடு ஊருக்குப் போக வண்டி தேடுபவருக்கு, ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகைப் பதம்பார்க்கும் விறைப்பான ஸ்பிரிங் என்ன லாபம்?

இரண்டு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆர்.சி., இன்ஷூரன்ஸ் என்று சிக்கல் வந்தால் மாட்டிக்கொள்வது யார்? வாங்கியவர்தான்.

மூன்று: மண் தடத்தில் விரட்டிய வண்டியில் கிளட்சும் வீல் பேரிங்கும் தேய்ந்திருக்கும். அதை மட்டும் கழிக்க மறப்பதேன்?

மாற்றிய பாகங்களைக் கழற்றிப் பந்தயக்காரர்களிடம் தனியே விற்றுக்கொள்ளுங்கள். ஒரிஜினல் பாகங்களைப் பூட்டி, பழைய ஸ்விஃப்டின் விலையை மட்டும் கேளுங்கள்.