டி.டி.எஸ். நாப்பதும் ஒரு டைஃபாய்டும்

போன மாசம் மதுரையில அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையனுக்கு டைஃபாய்டு. வீட்டையே ரெண்டாக்குற ஆறு வயசுப் பய, துவண்டு போய்க் கிடக்கான். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி காய்ச்சித்தானே குடிக்கிறீங்க?" அத்தான் பெருமையா சொன்னார்: "எதுக்கு டாக்டர்? வீட்ல ஆர்.ஓ. மெஷின் இருக்கு. டி.டி.எஸ். நாப்பதுதான்!"

அந்த நாப்பதைப் பத்திதான் இந்தப் பதிவு.

மக்களே, டி.டி.எஸ். மீட்டர் தண்ணியில எவ்வளவு மின்சாரம் கடக்குதுன்னு பார்த்து, கரைஞ்சிருக்கிற உப்பைக் கணக்குப் போடும். அவ்வளவுதான். கிருமியை அது எண்ணாது. டைஃபாய்டு, காலரா கிருமியெல்லாம் கூட்டமா நீந்தினாலும் அதே நாப்பதைத்தான் காட்டும். பொட்டி தட்டுற என் பாஷையில சொன்னா, பாஸ்வேர்டு சரியான்னு பார்க்காம அதுல எத்தனை எழுத்துன்னு மட்டும் எண்ணி உள்ள விடுற மாதிரி!

மெஷின் விக்க வர்றவர் ரெண்டு ஜோடிக் கம்பியை விட்டு, கரண்ட் பாய்ச்சி, குழாய்த் தண்ணியைப் பழுப்பாக்கிக் காட்டுவாரே... அது அழுக்கு இல்ல சாமி, கம்பியோட இரும்புத் துரு! ஆர்.ஓ. தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டுட்டு அதே வித்தையைக் காட்டச் சொல்லுங்க. அதுவும் பழுப்பாகும்.

ஆர்.ஓ.வே வேணாம்னு சொல்லல. போர் தண்ணி கரிக்கிற ஊர்ல வேணும்தான். நல்ல சவ்வு கிருமியையும் தடுக்கும். ஆனா மாநகராட்சித் தண்ணிக்குக் காவலா இருக்கிற குளோரினை, மெஷினுக்குள்ள இருக்கிற கரி உறிஞ்சிடுது. அப்புறம் அந்தத் தண்ணியை அகலவாய்ப் பானையில பிடிச்சு, கழுவாத கையோட டம்ளரை விட்டு மொண்டா? புதுசா உள்ள போற கிருமியைக் கொல்ல அங்க ஒண்ணுமே இல்ல. அக்கா வீட்ல அப்படித்தான் மொள்ளுறாங்க. காரணம் அதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன், பானிபூரியாவும் இருக்கலாம். ஆனா நாப்பதை நம்பி யாரும் அதை யோசிக்கவே இல்லையே!

காய்ச்சுறதுலயும் நம்மாளுங்க குறுக்கு வழி. தளதளன்னு ஒரு நிமிஷம் முழுசா கொதிக்கணும். அப்படிக் கொதிச்ச தண்ணியை, ஆறப் பொறுக்காம பச்சத்தண்ணி விட்டு விளாவுறாங்க. ஹோட்டல் சுடுதண்ணியும் பாதி இந்தக் கதைதான். காய்ச்சினதே வேஸ்ட்! மூடி ஆற வைங்க, குழாய் வெச்ச பாத்திரத்துல வைங்க.

"கேஸ் செலவாகுமே"ன்னார் அத்தான். ஆஸ்பத்திரி பில்லை எடுத்து நீட்டினேன். அதுக்கப்புறம் பேசல.

டிஸ்கி: ஆர்.ஓ. அன்பர்கள் தாராளமா வந்து திட்டலாம். அதுக்கு முன்னாடி அடுப்புல தண்ணியை வெச்சுட்டு வாங்க.