கூட வர ஒரு ஆள்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஒரே காட்சிதான். மாவட்ட வாரியாகத் தேர்ச்சி விழுக்காடு, அரசுப் பள்ளிகளின் கணக்கு, நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அம்மா லட்டு ஊட்டும் படம். மறுநாள் வேறு செய்தி வந்துவிடும். எனக்கு மட்டும் அந்த மறுநாளிலிருந்துதான் கவலை தொடங்குகிறது. அன்றைக்கும் கல்லூரியின் முதல் செமஸ்டர் தேர்வுக்கும் நடுவில் இருக்கும் ஆறேழு மாதங்களில், ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் யார் கண்ணிலும் படாமல் படிப்பிலிருந்து நழுவிவிடுகிறார்கள். இவர்கள் தேர்வில் தோற்றவர்கள் இல்லை, நன்றாகவே தேறியவர்கள்.

உயர்கல்வியில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பில் நம் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாடு முழுமைக்கும் அது 28.4தான். இதற்குப் பின்னால் எத்தனையோ பேருடைய உழைப்பு இருக்கிறது. இடத்துக்கும் பணத்துக்கும் ஓரளவு வழி பிறந்திருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய். இந்தத் திட்டத்தின் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமணத்துக்கும் தாலித் தங்கத்துக்கும் போய்க்கொண்டிருந்த பணம், அதே பெயரில் கல்லூரிக்குத் திரும்பிய கதை அது. 2024இல் தமிழ்ப்புதல்வன் வந்து பையன்களுக்கும் ஆயிரம் கிடைத்தது.

இவ்வளவும் இருந்தும் பிள்ளைகள் எங்கே நழுவுகிறார்கள்?

திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலை ஒட்டிப் போகிறவர்கள் மழைக்காலம் தொடங்கும்போதுதான் ஊர் திரும்புவார்கள். ரிசல்ட் வரும் மே மாதம் அப்பாவும் அம்மாவும் சூளையில் இருப்பார்கள், பிள்ளை ஊரில் பாட்டியிடம் இருக்கும். விண்ணப்பத்தில் கொடுத்த செல்போன் எண் அப்பாவுடையது. ஓடிபி அவருடைய பட்டன் போனுக்குப் போகும். அவர் மண் மிதித்துக்கொண்டிருப்பார். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையம், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என ஒரு வரிசை இருக்கிறது. ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், டிசியில் வேறு இனிஷியல் என்றால் அதற்கு ஒரு வாரம் போகும். பொறியியல் கலந்தாய்வில் ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டும். தவறவிட்டால் வருடமெல்லாம் படித்து வாங்கிய இடம் கைவிட்டுப் போகும்.

இந்த இடைவெளியில் தவறாமல் வந்து நிற்பவர் ஏஜென்ட். ‘சீட் நான் வாங்கித் தர்றேன், ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் குடு’ என்பார். கொடுத்த பிறகுதான் தெரியும், அது கலந்தாய்வு இடமில்லை, மேனேஜ்மென்ட் இடம் என்று. அங்கே முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது. வேறு கல்லூரிக்குப் போகலாம் என்றால் சான்றிதழ் கையில் இல்லை. இந்தக் கொள்ளை வருடா வருடம் நடக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மே, ஜூன் மாதங்களில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. காலையில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்துவிடுவார், சுற்றிலும் பிள்ளைகள். அவர் ஒரு பையனிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: ‘தம்பி, ஒரிஜினலை யார்கிட்டயும் கொடுக்காத. எவ்வளவு பெரிய ஆளு கேட்டாலும் எனக்கு ஒரு போன் போடு. அப்புறம் பாத்துக்கலாம்.’ இன்னொரு வீட்டில் ஒரு பாட்டி, ‘வயசுப்புள்ளைய ஹாஸ்டல்ல விட்டா ஊரு என்ன சொல்லும் சார்?’ என்று கேட்டிருக்கிறார். இவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு அந்த விடுதிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ‘நானும் வீட்டுக்காரம்மாவும் நேர்ல பாத்தோம்மா. சுவரு இருக்கு, விளக்கு இருக்கு, வார்டன் அம்மா நல்ல மாதிரி. வர்ற வாரம் நீங்களும் வாங்க, கூட்டிட்டுப் போறேன்’ என்றார். பாட்டி போனார், பார்த்தார், சம்மதித்தார். எந்தத் திட்டத்தின் செலவுக் கணக்கிலும் அந்தப் பஸ் டிக்கெட் வராது. ஆனால் அந்தப் பெண் கல்லூரிக்குப் போனது அதனால்தான்.

இப்படிக் கூட வந்த ஒருவர் அம்பேத்கர் வாழ்க்கையிலும் உண்டு. அவருக்குக் கிடைத்த பரோடா மன்னரின் உதவித்தொகை எல்லோருக்கும் தெரியும். கல்லூரியில் படிக்க மாதம் இருபத்தைந்து ரூபாய், பிறகு 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம். அந்த மன்னரிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் பம்பாயில் ஒரு பள்ளி ஆசிரியர், மராத்தி எழுத்தாளர். மாலை வேளைகளில் பூங்காவுக்கு வருவார். அங்கே ஒரு பையன் தனியாக உட்கார்ந்து படிப்பதைக் கவனித்தார். யார் என்று விசாரித்தார், புத்தகம் கொடுத்தார். 1907இல் பையன் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தான் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசாகத் தந்தார். தந்தையின் கையில் பணம் தீர்ந்து படிப்பு நின்றுவிடும் நிலை வந்தபோது மன்னரிடம் பேசினார். கொடுக்கும் மனமும் பணமும் மன்னரிடம் ஏற்கெனவே இருந்தன. யாருக்குக் கொடுப்பது என்று சொல்ல, அந்தப் பையனைத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

நம் பக்கத்திலும் இந்த மரபு பழையது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா 1916இல் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகம் பள்ளியோடு நிற்காமல் விடுதிகளையும் நடத்தியது. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடத்தோடு சோறும் தங்க இடமும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். வகுப்பு முடிந்த பிறகு பிள்ளை எங்கே போகிறது, என்ன சாப்பிடுகிறது, யாரோடு பேசுகிறது என்பதெல்லாம் படிப்புக்கு வெளியே உள்ள விஷயங்கள் என்று நினைப்பவர்களுக்கு ஏழைப் பிள்ளையின் படிப்பு புரியாது.

நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் ‘விதை’ திட்டத்தில் ஆயிரக்கணக்கான முதல் தலைமுறைப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியிருக்கிறது. நன்கொடையைப் பற்றியும் சினிமாப் புகழைப் பற்றியும் பேசுகிறோம். நான் மதிப்பது அவர்களுடைய வீட்டு விசாரணையைத்தான். விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் நேரில் போகிறார்கள். கூரை ஒழுகுகிறதா, அம்மாவுக்கு என்ன வேலை, தம்பி தங்கை எத்தனை பேர் என்று பார்க்கிறார்கள். உண்மையைச் சரிபார்க்கப் போவது ஒரு பக்கம். தன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசியவரின் எண் அந்தப் பிள்ளையின் போனில் இருக்கும் என்பது இன்னொரு பக்கம். அகரத்தால் படித்து வேலைக்குப் போனவர்களே இப்போது தன்னார்வலர்களாக அந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்கு அந்த வீடுகளில் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரி வாசலைத் தாண்டியபின் இரண்டாவது சோதனை வருகிறது. பன்னிரண்டு வருடம் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு முதல் வாரமே எல்லாம் ஆங்கிலம். கணக்கில் தொண்ணூறு வாங்கியவன் முதல் செமஸ்டரில் கணக்கிலேயே அரியர் வைக்கிறான். அரியர் என்பது எல்லோருக்கும் வருவது, அடுத்த முறை எழுதலாம் என்று படித்த வீட்டுப் பிள்ளைக்கு அண்ணனோ மாமாவோ சொல்லிவிடுவார்கள். இவனுக்குச் சொல்ல வீட்டில் யாருமில்லை. தான் இந்த இடத்துக்குத் தகுதியில்லாதவன் என்று அவன் முடிவு கட்டிக்கொள்கிறான். உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வந்துசேர மாதங்கள் ஆகலாம்; மெஸ் பில் மாதா மாதம் வரும். கல்யாண வீடுகளுக்குக் கேட்டரிங் வேலைக்குப் போகிறான். இரவெல்லாம் பந்தி பரிமாறினால் காலை வகுப்புக்கு எழ முடியாது. வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போகிறது. ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறான். ஏன் வந்தான் என்று பெற்றவர்களுக்கும் சரியாகத் தெரியாது.

இதை ஒரு போன் தடுக்கும் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். பலமுறை தடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மெஸ் பில்லுக்குத் தவணை கேட்கலாம் என்று சொல்லித்தர, அதே துறையில் அதே அரியரை எழுதித் தேறிய சீனியர் ஒருவரை அறிமுகப்படுத்த, பையன் அழுதால் கேட்டுக்கொண்டிருக்க ஒருவர் போதும். அவர் பெரிய படிப்பாளியாக இருக்க வேண்டியதில்லை. கொரோனாவில் மூடிய பள்ளிகள் திறக்கும் நேரத்தில், 2021 அக்டோபரில், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இதைக் காட்டியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் தெருத்தெருவாகச் சாயங்கால வகுப்பு நடத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், படித்துவிட்டு வேலை கிடைக்காமலோ, கல்யாணத்தால் வேலையை விட்டோ வீட்டில் இருந்தவர்கள். பிள்ளைகள் அவர்களை டீச்சர் என்று கூப்பிடவில்லை, அக்கா என்றார்கள். அந்த அக்காவுக்குப் பிள்ளையின் அம்மாவையும் தெரியும். அப்பா குடித்துவிட்டு வந்த இரவும் தெரியும்.

இல்லம் தேடிக் கல்வியில் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை செய்ததைப் பன்னிரண்டுக்குப் பிறகும் செய்ய முடியும். அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தபிறகு அரசுப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கல்லூரியில் சேராத பிள்ளைகளைத் தேடிப்பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ முகாம்களும் நடக்கின்றன. அந்த ஆசிரியர்களின் வேலை சேர்க்கையோடு முடிந்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட ஒவ்வொரு ஆசிரியருக்கும் வாரத்தில் நான்கைந்து பாடவேளைகளைக் குறைத்துக் கொடுங்கள். போன் செலவையும் பஸ் செலவையும் அரசு ஏற்கட்டும். அந்த வருடம் பள்ளியை முடித்த ஒவ்வொரு பிள்ளையையும் ஆகஸ்டில் ஒருமுறை, முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் ஒருமுறை அவர் கூப்பிட்டுப் பேசட்டும். ஊரில் ஓய்வுபெற்றவர்களும், விடுமுறையில் வரும் முன்னாள் மாணவர்களும் அந்தப் பெயர்ப் பட்டியலை ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொள்ளலாம். இந்த வருடப் பட்டியல் உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் இருக்கும். தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.