மரக்கறி உணவும் மாணவர் தேகக்கட்டும்

மெலிந்த சரீரமுடைய மாணவர் வெட்கித் திரிவதும், அதற்குத் தம் வீட்டுச் சோற்றையே பழிப்பதும் இந்நாளில் மிகுந்து வருகின்றன. கைப்பேசியிற் காணும் திரண்ட தோள்களே அவர்க்கு அளவுகோலாயின. கம்மாபுரம் பக்கத்துச் சிற்றூர்களினின்று நெய்வேலிக்கும் விருத்தாசலத்திற்கும் சென்று பயிலும் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். ஊன் உண்ணாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கோ இக்கவலை இருமடங்கு.

இது புதியதன்று. காந்தியடிகள் இராஜகோட்டில் பயின்ற இளம்பருவத்தில், ஊன் உண்டாலன்றி ஆங்கிலேயரைப்போல் வலிமை எய்துதல் கூடாதென்று நண்பரொருவர் கூற, அதனை நம்பிப் பெற்றோர் அறியாது சிலமுறை உண்டார். அவர்களிடம் பொய்யுரைக்க மனம் பொறாது பின்னர்க் கைவிட்டார். 1888-இல் இலண்டன் சென்ற பின்னரே, சால்ட் என்பாருடைய சிறு நூலைப் படித்து, மரக்கறி உணவைத் தாமே விரும்பி மேற்கொண்டார். ஊனுண்பாரைக் குறைகூறற்கு நாம் இதனை எடுத்துக்காட்டினோமில்லை. பிறர் உடலோடு தம் உடலை ஒப்பிட்டு நாணும் பருவம் அஃது என்பதே நம் கருத்து.

அப்பருவத்தில் உயரம் முந்தும், தசை பிந்தும். பதினைந்து வயதுப் பையன் ஒல்லியாயிருத்தல் பெரும்பாலும் நோயன்று. அங்ஙனமிருக்க, எவரோ சொன்ன டப்பாப் பொடிக்குப் பெற்றோர் பணத்தை இறைப்பானேன்? ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்தபடி, 16 முதல் 18 வயதுள்ள ஆண்மகனுக்கு நாளொன்றுக்குப் புரதம் ஏறக்குறைய 55 கிராமும், பெண்ணுக்கு 46 கிராமும் வேண்டும். நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் உண்டு. கொள்ளும் உளுந்தும் அதற்குச் சற்றே குறைந்தவை. குறை மரக்கறியில் இல்லை. சோற்றைக் குவித்துப் பருப்பைத் தெளித்து உண்ணும் வழக்கத்தில் உள்ளது. பி12 என்னும் உயிர்ச்சத்து ஒன்றே செடிகொடிகளிற் கிட்டாதது. அதற்குப் பாலும் தயிரும் வேண்டும். அவற்றையும் விலக்குவோர் மருத்துவரைக் கேட்டல் நன்று.

பெண்பிள்ளைகள் நிலை இதனினும் வருந்தத்தக்கது. மெலிவதற்கென்று காலை உணவையே விடுவார் பலர். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் இரத்தச்சோகை உடையராயிருந்தனர். முருங்கைக்கீரையும் பயறும் உண்டு, உடன் நெல்லிக்கனியோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும்; உணவோடு தேநீர் அருந்தினால் தடைப்படும்.

நிற்க. பள்ளிச் சத்துணவில் முட்டை உண்ணாப் பிள்ளைக்கு வாழைப்பழம் அளிக்கின்றனர். முட்டையொன்றில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். பழத்தில் ஒன்றரைக் கிராமும் தேறுவது அரிது. இஃது ஈடாகுமோ? விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்னும் பெயரால் வேர்க்கடலை இரகங்களை வெளியிட்டிருக்க, அதன் அண்டையிலுள்ள கம்மாபுரத்துப் பிள்ளைக்குப் பழம் மட்டும் கொடுத்தனுப்புவது நமக்கு விளங்கவில்லை. அப்பழத்தோடு 30 கிராம் வறுத்த வேர்க்கடலையும், கடலை ஒவ்வாதார்க்கு அவித்த பயறும் அளிக்குமாறு அதிகாரிகளை வேண்டுகின்றோம்.