உருளைக்கிழங்கும் லயத்துக் கொல்லையும்

சென்ற மாதம் கீழ்ப்பேராக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குச் சந்தா வசூலிக்கப் போயிருந்தோம். காலை பத்து மணி இருக்கும். வெளிக்காட்டு வேலைக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தார்கள். ஐந்து கேரியர். ஐந்திலும் சோறு. நாலில் உருளைக்கிழங்கு. ஒன்றில் பிரட்டல், ஒன்றில் சாம்பார், மற்ற இரண்டிலும் கறி என்ற பெயரில் கிழங்கும் தண்ணீரும்.

"என்னக்கா, இன்னைக்குக் கிழங்குத் திருவிழாவா?" என்று வேடிக்கையாகக் கேட்டு வைத்தோம்.

"மீன் விக்கிற விலைக்கு வேற என்னத்தப் போடுறது தம்பி? இது ஒன்னுதான் ரெண்டு வாரம் கெடந்தாலும் கெடாம கெடக்குது" என்றார் அந்த அக்கா.

கேட்டது நமக்கே தவறாகப் பட்டது. தொழிற்சங்கக்காரன் சம்பளத்தைப் பற்றிப் பேசுவான், போனஸைப் பற்றிப் பேசுவான். கேரியருக்குள் என்ன இருக்கிறது என்பதை எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறோம்?

நாம் அன்றாடம் தின்னும் இந்த உருளைக்கிழங்கு நம் மண்ணில் விளைவதில்லை. சீனாவிலிருந்து வருகிறது, வங்காள தேசத்திலிருந்து வருகிறது, இன்னும் எங்கெங்கிருந்தோ கப்பலேறி வருகிறது. தென்னமெரிக்காவில் ஆண்டிஸ் மலைக்காரர்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்த கிழங்கு இது. குளிர் வேண்டும் அதற்கு. முக்கியமாக இரவுக் குளிர். நம் சமவெளியில் ஊன்றினால் செடி தழதழவென்று வரும், கீழே கிழங்கு வைக்காது. கேமரன் மலையில் குளிர் உண்டு. ஆனால் அங்கே கோசுக்கும் தக்காளிக்கும்தான் முதலிடம்.

நம் பக்கத்து வீட்டில் மட்டும் நன்றாக விளைகிறது. இந்தோனேசியாவைச் சொல்கிறோம். வட சுமத்ராவில் பெராஸ்தாகி இருக்கும் காரோ மேட்டுநிலம், நடு ஜாவாவில் டியெங் மேடு, இவையெல்லாம் எரிமலைச் சாம்பல் மண். காரோவிலிருந்து போருக்கு முன்பே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் காய்கறி கப்பலேறியது. 1963-இல் சுகார்னோ மலேசியாவோடு மோதலைத் தொடங்கி வணிகத்தையும் அறுத்தபோது அந்த வழி அடைபட்டது. சண்டை போட்டது மேலே இருப்பவர்கள். கிழங்கு அழுகியது குடியானவன் கொட்டகையில்.

அதே காரோவில் சினாபுங் எரிமலை நானூறு ஆண்டு உறக்கத்துக்குப் பிறகு 2010-இல் வெடித்தது. 2013-இலிருந்து மறுபடி பல ஆண்டுகள் குமுறியது. ஊர்களே இடம்பெயர்ந்தன, விளைநிலத்தின்மேல் சாம்பல் மூடியது. மண்ணுக்கு வளம் தந்த மலையேதான் விளைச்சலையும் மூடிவிட்டுப் போனது.

நாம் போன அந்தத் தோட்டத்திலேயே வொனொசோபோ பக்கத்திலிருந்து வந்த ஓர் இந்தோனேசியத் தோழர் குலை வெட்டுகிறார். அவருடைய அண்ணன் டியெங்கில் நிலம் வாடகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போடுகிறாராம். இரண்டாயிரம் மீட்டர் உயரம், விடியற்காலையில் புல்லின்மேல் பனி உறையும் என்றார். பேச்சு மலாயில்தான். "பாங், நீங்க கடையில வாங்குற கெந்தாங் விலையில எங்கண்ணன் கைக்குப் போறது கொஞ்சம்தான். விதைக்குக் கடன், மருந்துக்குக் கடன், கடன் கொடுத்த தெங்குலாக்கே வந்து விலையும் சொல்லிடுவான்" என்றார்.

தெங்குலாக் என்றால் இடைத்தரகன். நமக்குச் சட்டென்று விளங்கியது. நம் தாத்தா காலத்தில் கங்காணி கணக்கும் கடைக்காரர் கணக்கும் இருந்ததே, அதே கதைதான். மழைக்காலத்தில் கருகல் நோய் வந்து இலையெல்லாம் கருத்துப் போகுமாம், வாரத்தில் இரண்டு மூன்று தடவைகூட மருந்து அடிக்க வேண்டுமாம். இது சாதாரண நோயன்று. 1845-இலிருந்து அயர்லாந்தில் கிழங்கை அழுக வைத்து, பத்து லட்சம் பேரைப் பட்டினியில் சாகடித்தது இதுதான். கிழங்கு ஒன்றையே நம்பிக் கிடந்த ஏழைகள் செத்தார்கள். அதே சமயம் அங்கிருந்து தானியம் கப்பலில் வெளியே போய்க்கொண்டும் இருந்தது. டியெங்கில் இன்னொரு கேடு, சரிவையெல்லாம் கிழங்குக்காகக் கொத்திவிட்டதால் மேல்மண் கரைந்து செராயு ஆற்றில் போய் விழுகிறது.

ஆக, விளைவிக்கிறவனுக்கும் கட்டவில்லை, வாங்குகிறவனுக்கும் கட்டவில்லை.

சரி, அந்தக் கிழங்கில் என்ன இருக்கிறது? "கிழங்கு தின்னா கேஸு, சுகர் ஏறும்" என்று ஒரேயடியாகத் தள்ளுகிறவர்களை நாம் ஒப்புக்கொள்வதில்லை. தோலோடு அவித்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 87 கலோரி, மாவுச்சத்து 20 கிராம், புரதம் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு, வைட்டமின் சி 13 மில்லிகிராம், பொட்டாசியம் 380 மில்லிகிராம் அளவில். மோசமான சாப்பாடே அல்ல. தோலைச் சீவி, துண்டு போட்டு, நெடுநேரம் கொதிக்க வைத்துத் தண்ணீரைக் கொட்டினால்தான் சத்தும் சேர்ந்து போகிறது. பச்சை படர்ந்த கிழங்கை மட்டும் வாங்காதீர்கள். கடையில் வெளிச்சத்தில் கிடந்தால் பச்சை ஏறும். கசப்பும் நஞ்சும் சேரும். கடைக்காரர் மலிவாகத் தள்ளினாலும் வேண்டாம்.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு தட்டுச் சோறு 300 கிராம் என்று வையுங்கள், அதில் மாவுச்சத்து 84 கிராம். மேலே 150 கிராம் கிழங்குக் கறி, இன்னொரு 30 கிராம். சோற்றுக்குத் துணையாக நாம் வைத்துக்கொண்டதும் இன்னொரு சோறுதான்! இரண்டிலும் சேர்த்துப் புரதம் பதினோரு கிராம் தேறினால் பெரிது. குலை வெட்டி, தூக்கி, வண்டியில் ஏற்றுகிற உடம்புக்கு இது போதுமா? கிழங்கில் பாதியைக் குறைத்துக் கைப்பிடி பருப்போ நெத்திலியோ போட்டாலே கதை மாறும். 2023-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது என்று கண்டார்கள். இன வாரியாகப் பார்த்தால் முன்னால் நிற்பது நாம். இதில் மட்டும் முன்னுக்கு வந்திருக்கிறோம்.

பிள்ளைகள் கையில் இருக்கும் பொட்டலம் வேறு. அதே கிழங்கை எண்ணெயில் பொரித்து உப்புத் தூவி விற்றால் 100 கிராம் 530 கலோரியைத் தாண்டும். பாலர் பள்ளி வாசலில் அதைத் தவிர வேறெதுவும் விற்பதில்லை என்பதைப் பல தோட்டங்களில் பார்த்துவிட்டோம்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறோம். நம் மண்ணில் விளையும் கிழங்கை ஏன் விட்டோம்?

நம் பாட்டி மரவள்ளிக்கிழங்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஜப்பான்காரன் காலத்தில், 1942-இலிருந்து 45 வரை, காலையும் மாலையும் அதுதான் சாப்பாடு. தாத்தாவோடு பிறந்தவர் சயாம் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. அந்த வயிற்றெரிச்சல் கிழங்கின்மேலும் ஒட்டிக்கொண்டது. அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. மரவள்ளியில் மாவைத் தவிர அதிகமாக ஒன்றும் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கோபத்தோடு கோபமாகச் சர்க்கரைவள்ளியையும் ஒதுக்கிவிட்டோமே, அங்கேதான் பிசகு.

கெலெடெக் என்று பாசாரில் விற்கிறார்களே, அது உருளைக்கிழங்குக்கு நெருங்கிய உறவு இல்லை. குளிர் கேட்காது. ஒரு முழக் கொடியை வெட்டி ஊன்றினால் நாலு மாதத்தில் கிழங்கு. அதுவரை கொழுந்தைக் கிள்ளிக் கீரையாகச் சமைக்கலாம். சதை ஆரஞ்சு நிறமாக இருக்கும் ரகம் 100 கிராம் அவித்துக் கொடுத்தால் ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் ஏ கிடைத்துவிடும். வெள்ளைச் சதையில் அது இல்லை. மார்டி ஆராய்ச்சி நிலையத்தார் விட்டாட்டோ என்று அப்படி ஒரு ரகத்தையே கொண்டுவந்து, கிழக்குக் கரையின் பிரிஸ் மணலில்கூட விளைய வைத்தார்கள். மணலில் விளைவது லயத்துப் பின்புறத்தில் விளையாதா?

விளையும். கொல்லை இருந்தால்!

வெள்ளைக்காரன் ஆண்ட 1920களின் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பம் உள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் தோட்டம் போடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. கிட்டத்தட்ட 2,700 சதுர அடி. அவன் தருமவான் என்று சொல்ல வரவில்லை. கொல்லை இருந்தால் கூலி குறைவாகக் கொடுக்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். ஆனாலும் அந்த நிலத்தில்தான் நம் அம்மா முருங்கையும் பயற்றங்காயும் வைத்து எங்களை வளர்த்தார்.

நாம் சொன்ன அந்தத் தோட்டத்தில், மறுநடவு என்ற பெயரில் லயத்துச் சுவர்வரை செம்பனைக் கன்று ஊன்றிவிட்டார்கள். கேட்டதற்கு நிர்வாகி சொன்ன பதில், "கிழங்கு போட்டால் காட்டுப்பன்றி வரும்" என்பது. பன்றி வரும், மறுக்கவில்லை. செம்பனைக் கன்றுக்கும் அது வரத்தானே செய்கிறது? கன்றுக்கு வேலி போடக் காசு இருக்கிறது, கொல்லைக்கு இல்லையாம். சுவரோரம் இருக்கும் இரண்டு வரிசைக் கன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். இந்தோனேசியத் தோழர்களுக்கும் வங்காள தேசத் தோழர்களுக்கும் சேர்த்தே கேட்டிருக்கிறோம். "அவங்க ஒப்பந்தம் முடிஞ்சா போறவங்கதானே" என்று நம்மவர்களிலேயே இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். போகிறவனுக்கும் வயிறு இருக்கிறதய்யா.

பதில் இன்னும் வரவில்லை. வருகிற பேச்சுவார்த்தையில் போனஸுக்கு அடுத்த இரண்டாவது கோரிக்கையாக இது மேசைக்குப் போகிறது. உங்கள் தோட்டத்திலும் கொல்லை பறிபோயிருந்தால், எத்தனை வீடு, எத்தனை அடி, எந்த ஆண்டு என்று எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். நிலம் இன்னும் கையில் இருப்பவர்கள் சர்க்கரைவள்ளிக் கொடிக்குச் சொல்லி அனுப்புங்கள். அந்த வொனொசோபோ தோழர் தம் அறைக்குப் பின்னால் பத்தடி இடத்தில் போட்டு வைத்திருக்கிறார். வெட்ட வெட்டத் தழைக்கிறது.