மின்கசிவு என்ற ஒற்றைச் சொல்

தலைநகர் தில்லியில் எந்தக் கட்டடம் தீக்கிரையானாலும், சாம்பல் ஆறுவதற்கு முன்பே அதிகாரிகள் கூறிவிடும் காரணம் ஒன்று உண்டு. "மின்கசிவு" என்பதே அது. அந்த ஒற்றைச் சொல்லோடு ஆரம்ப விசாரணை முடிந்துவிடுகிறது. இரங்கல் செய்தி வெளியாகிறது. நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. அடுத்த தீ விபத்து நிகழும்வரை எல்லாம் மறக்கப்பட்டுவிடுகிறது. இடி, மின்னல் போல மின்கசிவும் மனித முயற்சிக்கு அப்பாற்பட்ட இயற்கைச் சீற்றம் என்று நினைக்கும் மனப்பான்மை ஆட்சியாளர்களிடம் வேரூன்றிவிட்டது.

உண்மையில் மின்கசிவு என்பது காரணம் அல்ல, விளைவு. தகுதியற்ற கம்பி, அளவுக்கு மீறிய மின்பளு, தளர்ந்த இணைப்பு, பொருந்தாத பியூஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றோ பலவோ சேர்ந்துதான் பெரும்பாலும் அந்த விளைவைத் தோற்றுவிக்கின்றன. அந்தக் கம்பியைத் தேர்ந்தெடுத்தவர் யார், பொருத்தியவர் யார், சோதித்துச் சான்று அளித்தவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்காதவரை எந்த விசாரணையும் முழுமையானதாகாது.

2019 டிசம்பர் 8-ஆம் தேதி விடியற்காலையில் தில்லி அனாஜ் மண்டியில் பைகளும் விளையாட்டுப் பொருள்களும் தயாரிக்கப்பட்ட அடுக்குமாடிக் கட்டடத்தில் 43 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் பிகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, வேலை செய்த இடத்திலேயே உறங்கிய தொழிலாளர்கள். மின்கசிவே காரணம் என்று முதல்கட்டமாகக் கூறப்பட்டது. தீயைவிடப் புகையே பலரது உயிரைக் குடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜாகிர் நகர் குடியிருப்பு ஒன்றில் கீழ்த்தளத்து மின்மானிப் பெட்டியிலிருந்து பரவிய தீ 6 பேரைப் பலிகொண்டது. 2021 ஜனவரி 9-ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் 10 பேர் மாண்டனர். 2024 நவம்பர் 15-ஆம் தேதி இரவு உத்தரப் பிரதேச மாநிலம் ஜான்சி மருத்துவக் கல்லூரியில் மேலும் 10 பச்சிளம் குழந்தைகள் பலியாயினர். தொழிற்கூடம், குடியிருப்பு, மருத்துவமனை எனக் கட்டடங்கள் வேறுபட்டாலும், சொல்லப்பட்ட காரணம் மட்டும் மாறவில்லை.

கட்டடத்துக்குக் கட்டடம் மின்கம்பியின் தேவை மாறுபடும் என்ற அடிப்படை உண்மை புறக்கணிக்கப்படுவதே இந்த அவலத்தின் ஊற்றுக்கண். சாதாரண பி.வி.சி. உறையிட்ட கம்பி 70 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தையே நீண்டகாலம் தாங்கும். கம்பியில் பாயும் மின்னோட்டம் இரு மடங்கானால், அதில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகிறது. தில்லியின் கோடையில் காற்றின் வெப்பமே 45 டிகிரியைத் தொடும்போது கம்பியின் தாங்குதிறன் மேலும் குறைகிறது. ஒரே குழாயில் பல கம்பிகளைத் திணித்தால் இன்னும் குறைகிறது. குளிர்சாதனப் பெட்டிகள் இரவு முழுவதும் ஓடும் மே, ஜூன் மாதங்களில் சுவருக்குள் கம்பிகள் வெந்துகொண்டிருப்பது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

சாதாரண வீட்டுக்கு விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மி.மீ., பவர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மி.மீ., குளிர்சாதனம், வெந்நீர்க் கருவி ஆகியவற்றுக்கு 4 சதுர மி.மீ. தாமிரக் கம்பி என்பது பொதுவான நடைமுறை. விளக்குக்காகப் போடப்பட்ட பழைய கம்பியிலேயே குளிர்சாதனத்தை இணைப்பதும், எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று கூடுதல் ஆம்பியரில் ஒன்றை மாற்றிப் பொருத்துவதும் அன்றாடக் காட்சிகள். எம்.சி.பி. விழுவது கோளாறு அல்ல, எச்சரிக்கை. எச்சரிக்கும் காவலனின் வாயைக் கட்டிவிட்டு, மின்கசிவின் மீது பழிபோடுவது எந்த வகையில் நியாயம்? ஆளைக் கொல்லும் மின்கசிவைத் தடுக்க 30 மில்லி ஆம்பியரிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி இருக்கிறது. மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடியும் நாட்டில் அது இன்னமும் வசதி படைத்தோரின் பொருளாகவே கருதப்படுகிறது.

அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இது போதாது. பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயுவும் கரும்புகையும் வெளிப்படுகின்றன. ஒரே படிக்கட்டுள்ள கட்டடத்தில் அந்தப் புகையே வழியை அடைத்துவிடும். எனவேதான் தீயைப் பரப்பாத, குறைந்த புகையும் குறைந்த ஹாலஜனும் வெளியிடும் கம்பிகள் வந்தன. ஹாலஜன் அறவே இல்லாத கம்பிகளுக்கென 2018-இல் ஐ.எஸ். 17048 என்ற தரத்தையே இந்திய தர நிர்ணய அமைவனம் வகுத்தது. அவசரகால விளக்கு, தீயணைப்பு பம்பு, புகை வெளியேற்றும் விசிறி ஆகியவற்றுக்கு நெருப்புக்கு இடையிலும் குறிப்பிட்ட நேரம் மின்சாரத்தைக் கடத்தும் சிறப்புக் கேபிள்கள் வேண்டும். மாடிதோறும் கம்பிகள் ஏறும் செங்குத்து வழிகளில் தளத்துக்குத் தளம் தீத்தடுப்பு அடைப்பு வேண்டும். இல்லையேல் அந்த வழியே புகைபோக்கியாக மாறிவிடும்.

தொழிற்கூடங்களின் நிலை வேறு. மோட்டார்கள் இயங்கத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கின்றன. எண்ணெய், தூசு, அதிர்வு, எலிக்கடி ஆகியவற்றைத் தாங்க எஃகுக் கவசமிட்ட கேபிளோ உலோகக் குழாயோ தேவை. குடியிருப்புக்கெனக் கட்டப்பட்ட வீட்டை அப்படியே பட்டறையாக மாற்றி, அதே கம்பியில் இயந்திரங்களை ஓட்டினால் என்ன நேரும் என்பதற்கு அனாஜ் மண்டியைவிட வேறு சாட்சி தேவையில்லை. இப்போது கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் இரவு முழுவதும் மின்வாகனங்களுக்கு மின்னேற்றம் செய்யும் வழக்கமும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

மருத்துவமனைகளில் இந்தக் கவனம் பன்மடங்கு தேவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கருவிகள் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகின்றன. ஆக்சிஜன் மிகுந்த காற்றில் சிறு பொறியும் பெருநெருப்பாகிவிடும். முதல் பழுதிலேயே மின்சாரம் அறுந்துவிடாமல், அபாய ஒலி மட்டும் எழுப்பும் தனிமைப்படுத்தப்பட்ட மின்வழங்கு முறை அறுவை அரங்குகளுக்கென்றே வகுக்கப்பட்டுள்ளது. எழுந்து ஓட இயலாத சிசுக்கள் கிடக்கும் அறைக்கு, சாதாரண வார்டுக்கான வயரிங்கையே போதுமென்று கருதுவது மன்னிக்க முடியாத அலட்சியம்.

மக்கள் பெருமளவில் கூடும் இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1997 ஜூன் 13-ஆம் தேதி தில்லி உபகார் திரையரங்கில் 59 பேர் உயிரிழந்ததற்கு வித்திட்டது, அன்று காலை அரைகுறையாகப் பழுதுபார்க்கப்பட்ட மின்மாற்றியின் கேபிள் இணைப்பு. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்தில் வீடியோ விளக்கின் மின்கம்பியில் எழுந்த பொறி கீற்றுப் பந்தலில் பற்றி, 50-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதைத் தமிழகம் மறந்திருக்காது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடும் இடங்களிலும் தொழிற்சாலைகளிலும் மின்சாரத்தைப் பயன்படுத்தத் தொடங்கும் முன் மின் ஆய்வாளருக்கும், மாவட்ட ஆட்சியர் அல்லது காவல்துறை ஆணையருக்கும் குறைந்தது 7 நாள்களுக்கு முன்பே எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2010-இல் வந்தன; 2023-இல் புதுப்பிக்கப்பட்டன. தேசிய கட்டட விதித்தொகுப்பும், வயரிங்குக்கான ஐ.எஸ். 732 தரமும் இருக்கின்றன. ஆனால், அரசு அறிவிக்கும் மின்னழுத்த வரம்புக்குக் கீழே உள்ள இடங்களில் உரிமையாளரே சோதித்து, தானே சான்றளித்துக்கொள்ளவும் விதிகள் இடம் தருகின்றன. அடைக்கப்பட்ட சன்னல்களுக்குள் தொழிலாளர்களை உறங்க வைக்கும் முதலாளி, தனது வயரிங்கைப் பற்றித் தானே நற்சான்று அளித்தால் அதற்கு என்ன மதிப்பு?

இன்னொரு விசித்திரமும் உண்டு. தில்லியில் நுகர்வோர் தொடர்ந்து நான்கு மாதங்கள் பயன்படுத்தும் உச்ச மின்பளுவின் சராசரியைக் கணக்கிட்டு, அனுமதிக்கப்பட்ட மின்பளுவை மின்விநியோக நிறுவனங்கள் உயர்த்துகின்றன. நிலைக்கட்டணமும் உயர்கிறது. பளு கூடிவிட்டது என்பதை மின்மானியே சொல்கிறது. கட்டணம் வசூலிக்க அந்தத் தகவல் பயன்படுகிறது. ஆனால், கூடிய பளுவைச் சுவருக்குள் இருக்கும் கம்பி தாங்குமா என்று கேட்க எவருக்கும் கடமை இல்லை.

மின்சாரம் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. தீயணைப்புப் பணியோ பன்னிரண்டாவது அட்டவணையின்படி நகராட்சிகளின் பொறுப்பில் வருகிறது. ஆக, விபத்து நேர்ந்ததும் மத்திய அரசு மாநிலத்தையும், மாநில அரசு மாநகராட்சியையும், மாநகராட்சி மின்நிறுவனத்தையும் கைகாட்டுவது எளிதாகிவிடுகிறது.

நல்ல கம்பிக்கும் தரமற்ற கம்பிக்கும் உள்ள விலை வேறுபாடு கட்டடத்தின் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கே. இருந்தும் அதைச் செலவிட மறுப்பது ஏன்? கம்பியைத் தேர்ந்தெடுப்பவர் வேறு, அந்தக் கூரையின் கீழ் உறங்குபவர் வேறு என்பதே இதற்கான விடை. வாடகைக்குக் குடியிருப்பவருக்கும், கூலிக்கு உழைப்பவருக்கும், படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும் சுவருக்குள் ஓடுவது என்ன கம்பி என்று கேட்கும் உரிமை இல்லை. எனவே, அவர்கள் சார்பில் கேட்க வேண்டியது அரசு.

1927-இல் திறக்கப்பட்ட பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் காலப்போக்கில் சேர்க்கப்பட்ட ஏராளமான மின்கம்பிகள் தீ அபாயத்தை உண்டாக்குகின்றன என்பது, புதிய கட்டடம் வேண்டுமென்பதற்கு மத்திய அரசு கூறிய காரணங்களில் ஒன்று. 2023 மே 28-ஆம் தேதி புதிய கட்டடம் திறக்கப்பட்டது. மக்கள் பிரதிநிதிகளின் பாதுகாப்பு முக்கியம் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அதே அளவுகோல், சில கிலோமீட்டர் தொலைவில் குறுகிய சந்துகளில் வேலை செய்துவிட்டு அங்கேயே கண்ணுறங்கும் மக்களுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கட்டடத்தின் பயன்பாடு மாறும்போதும் மின்பளு உயரும்போதும் புதிய வயரிங் சான்று கட்டாயமாக்கப்பட வேண்டும். மருத்துவமனை, பள்ளி, திரையரங்கு, தொழிற்கூடம் ஆகியவற்றில் சுயசான்றுக்கு இடமளிக்கக் கூடாது. மின் ஆய்வாளர்களின் எண்ணிக்கையும் அதிகாரமும் உயர்த்தப்பட வேண்டும். சட்டப்படி நடத்தப்படும் விபத்து விசாரணைகளின் அறிக்கைகள் நாடாளுமன்றத்திலும் சட்டப்பேரவைகளிலும் வைக்கப்பட வேண்டும். அவற்றில் "மின்கசிவு" என்று மட்டும் எழுதி முடிக்காமல், எந்தக் கம்பி, எந்த இணைப்பு, யாருடைய கையொப்பம் என்பதும் இடம்பெற வேண்டும். அடுத்த இரங்கல் செய்தியைத் தயாரிப்பதற்கு முன்பாவது ஆட்சியாளர்கள் இதைச் செய்ய முன்வருவார்களா?